அம்மாவோடு சிங்கப்பூர் கப்பல் பயணம்: எந்தக் காப்புறுதி எடுப்பது? உடம்பில் உள்ள செல் (எறிகணை) துண்டைச் சொல்ல வேண்டுமா?

வட்டக்கச்சி ரீச்சர்:

வணக்கம். கப்பல் பயணத்துக்குக் காப்புறுதி எடுத்தவர்கள், அந்தத் துறையில் வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் வடிவாக விளக்கிச் சொல்லுங்கள்.

அக்கா கனடாவில், தம்பி லண்டனில், நானும் அம்மாவும் கிளிநொச்சியில். மூன்று பிள்ளைகளும் அம்மாவோடு ஒரே வீட்டில் இருந்து கனகாலம். ஒருவருக்கு லீவு கிடைத்தால் மற்றவருக்குக் கிடைக்காது. அக்காதான் இந்த யோசனையைச் சொன்னா. மார்கழிப் பள்ளிக்கூட விடுமுறையில் எல்லோரும் சிங்கப்பூருக்கு வந்து, அங்கிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் கப்பலில் ஏறுவது. அம்மாவுக்கு நடை குறைவு, ஒவ்வொரு நாளும் பெட்டி கட்டத் தேவையில்லை, சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கும். கப்பலுக்கு முற்பணமும் கட்டியாகிவிட்டது.

அம்மாவுக்கு 71 வயது. சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கிறது. கிளிநொச்சி ஆஸ்பத்திரிக் கிளினிக்கில்தான் மருந்து எடுக்கிறா. மெற்போமின், லொசாட்டன், இரவில் கொழுப்புக்கு ஒரு குளிசை. அதோடு 2009 யுத்தத்தில் மாத்தளனில் பட்ட செல் துண்டு ஒன்று இடது இடுப்புக்குப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. எடுக்கப் போனால் நரம்பு பாதிக்கும் என்று டொக்டர்மார் அப்படியே விட்டுவிட்டார்கள். மாரியில் கொஞ்சம் உளையும். மற்றபடி ஒரு கரைச்சலும் இல்லை, இப்போதும் கிணற்றடியில் தண்ணீர் அள்ளுகிறா.

பிளேன் டிக்கெட் போட்ட இடத்தில் ஒரு பயணக் காப்புறுதி காட்டினார்கள். மருத்துவச் செலவுக்கு 25,000 டொலர், கட்டணம் மிகக் குறைவு. படிவத்தைத் தாங்களே நிரப்புவதாகவும், பழைய காயத்தை எல்லாம் எழுதினால் தேவையில்லாத கேள்வி வரும் என்றும் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அக்கா தன்னுடைய கனடாக் காப்புறுதியில் அம்மாவையும் சேர்க்கலாமா என்று கேட்கிறா. தம்பியோ கப்பல் கம்பனி விற்கும் காப்புறுதியே போதும் என்கிறான்.

செல் துண்டைச் சொல்ல வேண்டுமா? சொன்னால் காப்புறுதியே தரமாட்டார்களா? 25,000 டொலர் போதுமா? காசு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. அம்மாவைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

குருமன்காட்டு அண்ணை:

தங்கச்சி, செல் துண்டைக் கட்டாயம் சொல்லுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

நான் வவுனியாவில் காப்புறுதித் துறையில் நீண்ட காலம் வேலை செய்தவன். இழப்பீட்டுக் கோப்புகள்தான் என் மேசைக்கு வரும். எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேருடைய உடம்பில் ஏதோ ஒன்று இருக்கிறது. சன்னம், செல் துண்டு, எலும்புக்கு வைத்த தகடு. அதோடுதான் வயல் செய்கிறார்கள், சைக்கிள் ஓடுகிறார்கள். அது ஒரு வருத்தம் என்ற நினைப்பே அவர்களுக்கு வருவதில்லை. அதனால் படிவத்தில் ஏற்கனவே உள்ள நோயோ காயமோ உண்டா என்ற கேள்விக்குச் சாதாரணமாக "இல்லை" என்று போட்டுவிடுகிறார்கள். காப்புறுதிக் கம்பனியின் கணக்கு வேறு. பயணத்துக்கு முன்பே இருந்த எதுவும், நோ இருந்தாலும் இல்லாவிட்டாலும், முன்பே உள்ள நிலைமைதான்.

ஒரு கோப்பைப் பற்றிச் சொல்கிறேன். செட்டிகுளம் பக்கத்து ஐயா ஒருவரை மகள் கப்பல் பயணம் கூட்டிக்கொண்டு போனா. நடு இரவில் நெஞ்சு நோ. கப்பல் டொக்டர் ஈசீஜி எடுத்து, ஊசி போட்டு, அடுத்த துறைமுகத்தில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ஐயா தப்பிவிட்டார். திரும்பி வந்து பில்லைக் கொடுத்தபோது கம்பனி முதலில் கேட்டது கிளினிக் கொப்பியை. அதன் முதல் பக்கத்திலேயே பிரஷர் என்று எழுதியிருந்தது. படிவத்தை எடுத்துப் பார்த்தால், நோயைப் பற்றிய கேள்விகள் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்ற கட்டத்தில் நீல மையில் சரி அடையாளம், மேலிருந்து கீழே ஒரே வேகத்தில் போட்டது. கீழே கையெழுத்து மட்டும் கறுப்பு மையில், ஐயாவின் நடுங்கும் கையில். நிரப்பியவர் வேறு ஆள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கையெழுத்து வைத்தவர்தான் பொறுப்பு. இழப்பீடு மறுக்கப்பட்டது, மகள் கடன்பட்டுக் கட்டினா. எனக்கு இன்றைக்கும் அது மனதுக்குள் கிடக்கிறது. அதனால் படிவத்தை நீங்களே நிரப்புங்கள். நிரப்பிய பிரதி ஒன்றை வைத்திருங்கள். "அதை எழுதாமல் விடுங்கோ" என்று சொல்கிற இடத்தில் எடுக்கவே வேண்டாம்.

சொன்னால் தரமாட்டார்களா என்று கேட்டீர்கள். சீனி, பிரஷர் எல்லாம் கம்பனிகளுக்குப் புதிதல்ல. சிலர் மேலதிகக் கட்டணம் வாங்கிக்கொண்டு சேர்ப்பார்கள். சிலர் அந்த நோய்களை விட்டுவிட்டு மற்றதற்கு மட்டும் தருவார்கள். சிலர் திடீரென உயிராபத்து வந்தால் மட்டும் ஒரு தொகை வரை தருவார்கள். இந்த மூன்றில் உங்களுக்குத் தருவது எது என்று கேளுங்கள். அம்மா 70ஐத் தாண்டியவ என்பதால் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பல திட்டங்களில் 70க்கு மேல் தொகை குறையும், கட்டணம் கூடும். விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் உள்ள தொகை உங்கள் அம்மாவின் வயதுக்கு உரியதா என்று அட்டவணையைப் பாருங்கள்.

செல் துண்டில் இன்னொரு சிக்கல். பெரும்பாலான பயணக் காப்புறுதிகளில் யுத்தத்தால் வரும் இழப்புக்குப் பணமில்லை என்று ஒரு வரி இருக்கும். பயணக் காலத்தில் நடக்கும் யுத்தத்தை நினைத்து எழுதிய வரிதான் அது. ஆனால் "நேரடியாகவோ மறைமுகமாகவோ" என்ற சொற்கள் பக்கத்தில் இருந்தால், பழைய காயத்தையும் அதற்குள் இழுக்க யாராவது முயலலாம். ஆகவே மின்னஞ்சலில் கேளுங்கள். 2009இல் ஏற்பட்ட காயம், உலோகத் துண்டு உள்ளே இருக்கிறது, இத்தனை காலமாகச் சிகிச்சை தேவைப்படவில்லை, இது முன்பே உள்ள நிலைமையாகக் கருதப்படுமா அல்லது யுத்த விலக்கில் வருமா என்று நேராக எழுதுங்கள். பதிலும் எழுத்தில் வர வேண்டும். தொலைபேசியில் "ஓம், பிரச்சினையில்லை" என்றால் அதற்குப் பெறுமதி கிடையாது.

டொக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் வாங்குங்கள். துண்டு எங்கே இருக்கிறது என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். காப்புறுதிக்கு மட்டுமல்ல, அம்மாவின் உடம்புக்கும் இது தேவை. எம்ஆர்ஐ இயந்திரம் பலமான காந்தம். உள்ளே இரும்புத் துண்டு இருப்பது தெரியாமல் படுக்க வைத்தால் அது நகரக்கூடும், சூடாகக்கூடும். அம்மா மயங்கிக் கிடந்தால் சொல்ல ஆளில்லை. கடிதம் பேச வேண்டும்.

சரி, தொகை. 25,000 டொலர் என்பது காகிதத்துக்கு எடுக்கும் காப்புறுதி. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கே குறைந்தது 30,000 யூரோ கேட்கிறார்கள். சிங்கப்பூரில் தனியார் ஆஸ்பத்திரித் தீவிர சிகிச்சை மிகவும் விலை கூடியது, வெளிநாட்டவர் அரச ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மானியம் இல்லை. சேர்க்கும்போதே முற்பணம் அல்லது காப்புறுதிக் கம்பனியின் உத்தரவாதக் கடிதம் கேட்பார்கள். என் அளவுகோலில் மருத்துவத்துக்கு 100,000 டொலருக்குக் குறைய வேண்டாம். நோயாளியை வேறிடம் கொண்டுபோகும் செலவு அதே தொகைக்குள் அடங்குகிறதா, தனியாக உண்டா என்றும் பாருங்கள், தனியாக இருந்தால் நல்லது. கப்பல் என்றதும் எல்லோரும் ஹெலிகொப்டரைத்தான் நினைப்பார்கள். உங்கள் வழி மலாக்கா நீரிணை, கரை தூரமில்லை. பெரும்பாலும் அடுத்த துறைமுகத்தில்தான் இறக்குவார்கள். உங்களுக்குப் பெரிய செலவு ஆஸ்பத்திரி, பிறகு ஒரு நேர்ஸோடு படுக்கையில் கட்டுநாயக்காவுக்குக் கொண்டுவருவது. எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவும் அதில் இருக்க வேண்டும். 71 வயதுத் தாயைக் கூட்டிக்கொண்டு போகிற பிள்ளை அந்த வரியையும் வாசிக்கத்தான் வேண்டும்.

கப்பல் பயணம் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று பத்திரத்தில் எழுத்தில் இருக்கிறதா? சில திட்டங்கள் கப்பலை விலக்கும், சில மேலதிகக் கட்டணம் கேட்கும். "உலகம் முழுவதும்" என்று போட்டிருப்பதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

தம்பி சொல்வது போலக் கப்பல் கம்பனியின் காப்புறுதி சில நாட்டவர்களுக்குத்தான் விற்கப்படும். இலங்கையில் வசிப்பவருக்கு உண்டா என்று முதலில் கேளுங்கள். இருந்தாலும், நீங்கள் தனியாக வாங்கிய பிளேன் டிக்கெட்டும் ஹோட்டலும் அதற்குள் வராமல் போகலாம்.

அடுத்தது கப்பலைத் தவறவிடுவது. கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்காவுக்கு வாகனத்தில் ஒரு முழு இரவு. மார்கழி எங்கள் பக்கத்தில் மாரி, இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கிற காலம். 2025 கார்த்திகை (நவம்பர்) கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுக்கத் தெருவும் பாலமும் அறுந்து கிடந்ததைப் பார்த்தோம். கப்பல் யாருக்காகவும் நிற்காது, புறப்படும் நேரத்துக்குக் கணிசமான நேரம் முன்பே பயணிகளை ஏற்றுவதை நிறுத்திவிடுவார்கள். ஆகவே ஒரு நாள் முன்னதாகவே சிங்கப்பூரில் இருங்கள். அதற்கு மேலும் தாமதமானால் அடுத்த துறைமுகத்துக்குப் போய் ஏறும் செலவைக் காப்புறுதி தருமா என்று பாருங்கள். பினாங்கில் போய் ஏறுவதென்றால் மலேசிய விசா கையில் இருக்க வேண்டும். விசாக் குறையால் ஏற்ற மறுத்தால் எந்தக் காப்புறுதியும் காசு தராது. புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கும் காப்புறுதி அந்தப் புயலுக்கு உதவாது, அது தெரிந்த சம்பவமாகிவிடும்.

முற்பணம் கட்டியாகிவிட்டது என்றீர்கள். அப்படியென்றால் இந்தக் கிழமையே எடுங்கள். மருத்துவப் பாதுகாப்பு பயணம் தொடங்கும் நாளில்தான் ஆரம்பிக்கும். ஆனால் பயணத்தை ரத்துச் செய்ய நேர்ந்தால் கிடைக்கும் பாதுகாப்பு, பொதுவாகப் பத்திரம் எடுத்தவுடனே தொடங்கிவிடும். புறப்படும் வாரம் எடுத்தால் இடையில் உள்ள மாதங்களுக்குப் பாதுகாப்பே இல்லை. கப்பல் கம்பனிகளோ நாள் நெருங்க நெருங்கப் பிடிக்கும் பணத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள், கடைசியில் ஒரு சதமும் திரும்பாது.

ஸ்காபரோவில் ஒருத்தி:

ரீச்சர், அக்காவின் காப்புறுதியில் அம்மாவைச் சேர்க்க முடியாது. கனடாவில் விற்கும் பயணக் காப்புறுதி கனடாவில் வசிப்பவருக்கு, மாகாண மருத்துவ அட்டை உள்ளவருக்குத்தான். இங்கே பெற்றோரைக் கூப்பிடும்போது எடுக்கிற வருகையாளர் காப்புறுதி வேறு, அது கனடாவுக்கு வருகிறவர்களுக்கு. சிங்கப்பூரில் ஏறுகிற அம்மாவுக்கு அது பொருந்தாது. அம்மாவுக்கு இலங்கையில்தான் எடுக்க வேண்டும்.

அக்காவுக்கும் ஒன்று சொல்லுங்கள். ஒன்ராறியோ மாகாணத்தின் அரச மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் வெளிநாட்டில் ஆஸ்பத்திரிக்கு ஒரு நாளுக்கு அதிகபட்சம் 400 கனடிய டொலர்தான் தரும். தனியாகக் காப்புறுதி வேண்டும். அதில் "நிலையான உடல்நிலை" என்று ஒரு நிபந்தனை இருக்கும். 90 நாள், 180 நாள் என்று கம்பனிக்குக் கம்பனி மாறும். அந்தக் காலத்துக்குள் குளிசையின் அளவைக் கூட்டினாலும் மாற்றம், குறைத்தாலும் மாற்றம். எங்கள் அயலில் ஒரு அன்ரிக்குப் பிரஷர் நன்றாகக் கட்டுப்பட்டுவிட்டது என்று டொக்டர் மருந்தைக் குறைத்தார். சுகம் வந்துவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம். காப்புறுதி அதை நிலையில்லாத உடல்நிலை என்று எடுத்துக்கொண்டது. அம்மாவுக்கு இலங்கையில் எடுக்கும் பத்திரத்திலும் இப்படி ஏதாவது நிபந்தனை உண்டா என்று பாருங்கள். பத்திரம் எடுத்த பிறகு கிளினிக்கில் மருந்து மாறினால் கம்பனிக்கு உடனே அறிவியுங்கள்.

தம்பிக்கு: லண்டனில் இருப்பவர்கள் வைத்திருக்கும் சுகாதார அட்டை (முன்பு ஐரோப்பிய அட்டை, இப்போது GHIC) சிங்கப்பூரிலும் உதவாது, கப்பலுக்குள்ளும் உதவாது. அங்கே வருடம் முழுவதற்கும் எடுக்கும் காப்புறுதியில் கப்பல் பயணத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். அவர் நினைவில்லாமல் விட்டிருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள்.

பேசாலையான்:

நான் பயணிகள் கப்பலில் அறை பராமரிக்கும் வேலை செய்தவன். காப்புறுதி எனக்கு அவ்வளவு தெரியாது. கப்பலுக்குள் நடப்பதைச் சொல்கிறேன்.

மருத்துவ நிலையம் பெரும்பாலும் கீழ்த் தட்டில் இருக்கும். டொக்டர், நேர்ஸ், எக்ஸ்ரே, இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் இயந்திரம் எல்லாம் உண்டு. சத்திரசிகிச்சை செய்யும் இடமல்ல. காலையும் மாலையும் குறித்த நேரத்துக்குத் திறப்பார்கள், நேரம் தவறிக் கூப்பிட்டால் கட்டணம் கூடும். எதுவும் இலவசமில்லை. செலவு உங்கள் அறைக் கணக்கில் டொலரில் ஏறும், இறங்குவதற்கு முன் கட்ட வேண்டும், காப்புறுதியிடம் வாங்குவது பிறகு உங்கள் பாடு. அதனால் மூன்று பேரில் ஒருவருடைய கடனட்டையிலாவது போதுமான இடம் வைத்திருங்கள். இறங்க முன் டொக்டரின் அறிக்கையும், ஒவ்வொரு செலவையும் பிரித்துப் போட்ட பில்லும் கையெழுத்தோடு வாங்குங்கள். கப்பல் போன பிறகு வாங்குவது பெரும் பாடு.

வயிற்றோட்டமும் சத்தியும் வந்தால் மறைக்க வேண்டாம். கப்பலில் நொரோ வைரஸ் பரவினால் எல்லோருக்கும் ஆபத்து. அறையை விட்டு வெளியே வர வேண்டாம் என்பார்கள். சில காப்புறுதிகள் அப்படி அடைபட்டுக் கிடக்கும் நாட்களுக்கு ஒரு தொகை தரும், கேட்டுப் பாருங்கள். அம்மாவின் மருந்தைப் பெரிய பெட்டிக்குள் வைக்காதீர்கள். ஏறும்போது பெட்டியை வாங்கிவிடுவார்கள், அறை வாசலுக்கு வர மாலை ஆகும். குளிசைகள் கைப்பையில் இருக்கட்டும், பயண நாட்களுக்கு மேலும் சில நாளுக்குரியதைச் சேர்த்து.

இன்னொன்று, புக்கெட்டில் நேரம் சிங்கப்பூரையும் பினாங்கையும் விட ஒரு மணித்தியாலம் பின்னால். கப்பல் சில வேளை தன் நேரத்தை மாற்றாமல் சிங்கப்பூர் நேரத்திலேயே வைத்திருக்கும். கரையில் இறங்கியதும் கைத்தொலைபேசி தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். அதை நம்பி 4 மணிக்கு வந்தால் கப்பலில் 5 மணி. இறங்கும் வாசலில் கப்பல் நேரமும் திரும்ப வேண்டிய நேரமும் எழுதியிருப்பார்கள், அதை அப்படியே படம் எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தமாக வாகனம் பிடித்துச் சுற்றிவிட்டுப் பிந்தினால் கப்பலும் நிற்காது, காப்புறுதியும் தராது என்றுதான் பயணிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கப்பலே ஒழுங்கு செய்யும் சுற்றுலாவில் போனவர்களுக்குக் கப்பல் காத்திருக்கும். அம்மாவோடு போகிறபடியால் கொஞ்சம் கூடக் கொடுத்து அதிலேயே போங்கள்.

வட்டக்கச்சி ரீச்சர்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணை எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "மறைச்சுப் போறதுக்கு நான் என்ன களவோ எடுத்தனான்" என்று கேட்டா. கிளினிக்கில் டொக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து ஆங்கிலத்தில் கடிதம் தந்தார். தம்பியின் காப்புறுதியில் கப்பல் சேர்க்கப்படவில்லை, இப்போது சேர்த்துவிட்டான். நீங்கள் சொன்னபடி மலேசிய விசாவுக்கும் விண்ணப்பிக்கிறோம்.

கொழும்பில் இரண்டு கம்பனிக்கு எழுதினேன். ஒன்று பதிலே போடவில்லை. மற்றது எழுதியிருக்கிறது: மருத்துவத்துக்கு 100,000 டொலர், 71 வயதுக்கும் அதே தொகை, கப்பல் பயணம் சேரும், சீனிக்கும் பிரஷருக்கும் மேலதிகக் கட்டணம். செல் துண்டு யுத்த விலக்கில் வராது, ஆனால் "அந்தத் துண்டினால் நேரடியாக ஏற்படும் சிகிச்சைக்கு" பணம் தரமாட்டார்களாம். இதை ஏற்கலாமா அண்ணை?

குருமன்காட்டு அண்ணை:

ஏற்கலாம் தங்கச்சி, ஒரு திருத்தத்தோடு. அம்மா கப்பல் படியில் வழுக்கி அதே இடுப்பு முறிந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அது புதிய விபத்து, துண்டினால் வந்ததல்ல. ஆனால் ஒரே இடம் என்பதால் பிறகு வாதாட இடமிருக்கிறது. இடது இடுப்பில் புதிதாக ஏற்படும் விபத்துக் காயம் இந்த விலக்கில் அடங்காது என்று அவர்கள் ஒரு வரி எழுதித் தந்தால் பணத்தைக் கட்டுங்கள். இத்தனை காலம் அமைதியாக இருந்த துண்டு அந்தச் சில நாளில் தானாகக் கரைச்சல் தரும் என்று நான் நினைக்கவில்லை. விழுவதுதான் அந்த வயதில் எனக்குப் பயம்.

அந்த மின்னஞ்சல்களைப் பத்திரத்தோடு சேர்த்து அச்செடுத்து, அக்காவிடமும் தம்பியிடமும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். கம்பனியின் 24 மணிநேர உதவி இலக்கத்தை மூவருடைய தொலைபேசியிலும் பதியுங்கள். சிங்கப்பூரிலிருந்து எடுக்கக்கூடிய இலக்கமா என்றும் பாருங்கள், சில உள்ளூர் இலக்கங்கள் வெளிநாட்டிலிருந்து வேலை செய்யாது. ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் சேர்க்கும்போதே அழையுங்கள். அழைத்தால்தான் உத்தரவாதக் கடிதம் போகும், முற்பணத்துக்கு நீங்கள் அலைய வேண்டியிருக்காது. மற்றக் கம்பனியின் பதிலுக்காகக் காத்திருந்து நாளைப் போக்காதீர்கள்.